அவளுக்குப் பின்னால் இருந்த சுவர்

நோய்த்தொற்றுக்காகக் கல்லூரியை மூடியிருந்த காலத்தில், ஆசிரியர்களை மட்டும் ஒரு நாள் காலையில் ஊட்டிக்கு வரச் சொன்னார்கள். இனி இணைய வழியில்தான் பாடம் நடத்த வேண்டும், அதற்குப் பழகிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. கணினி ஆய்வகத்தில் மாணவர்கள் உட்காரும் நாற்காலிகளில், ஒன்று விட்டு ஒன்றில், முகக்கவசத்தோடு உட்கார்ந்தோம். சொல்லிக்கொடுத்தது கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"மேடம், ஷேர்னு இருக்குதுல்ல, அத அமுக்குங்க. அது இல்லீங்க மேடம், அதுக்குப் பக்கத்துல."

நான் அமுக்கியது கூட்டத்தையே முடித்துவிடும் பொத்தான். அறையிலிருந்த அத்தனை திரைகளும் ஒரே நேரத்தில் வெறுமையாயின. வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கை தட்டினார். எல்லோரும் சிரித்தோம். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பஸ் இல்லாமல் ஜீப் பிடித்து வந்தவர்கள் நாங்கள். அன்று சிரிப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

நான் தாவரவியல் ஆசிரியை. வண்ணச் சாக்பீஸால் பூவின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டித்தான் இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தியிருந்தேன். அதை ஒரு கைபேசிக்குள் எப்படி அடைப்பது என்று தெரியவில்லை. குன்னூருக்குத் திரும்பி வரும் வழியெல்லாம், ஓய்வு பெறும்வரை நீண்ட விடுப்பு எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் விடுப்பு எடுக்கிற நிலையில் எங்கள் வீடு இல்லை.

என் கணவர் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் தோட்டக்காரர்கள் பறிப்பதைக் குறைத்தார்கள். பிறகு சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு முட்டைக்கோஸ் போட்டார்கள். சிலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார்கள். இலை வராத தொழிற்சாலைக்குக் கணக்கு எதற்கு? ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். வேலைக்குப் போகும் நாட்களில் உடுத்துவது போலவேதான் உடுத்துவார்.

முதல் சில வகுப்புகளைக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே நடத்தினேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், முகம் கிடையாது. "கேக்குதா?" என்பதுதான் அந்த நாட்களில் நான் அதிகம் சொன்ன சொல். கேட்கிறது என்று யாராவது ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பதே தெரியாது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அடுக்களைக்குப் போய் அழுதேன். கணவர் வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"பூவைக் காட்டாம எப்படீங்க பூவைப் பத்திச் சொல்றது? செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்குது."

மறுநாள் காலையில் அவர் கீழ்வீட்டு வேலியிலிருந்து இரண்டு செம்பருத்திப் பூக்களோடு வந்தார். அடுக்களை மேடையில் வெள்ளைத் துணியை விரித்துப் பூவை வைத்தார். "நீ வெட்டு. நா போனைப் புடிச்சுக்கறேன்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பிளேடால் பூவை நீளவாக்கில் பிளப்பேன். அவர் கைபேசியை மேலேயிருந்து ஆடாமல் பிடித்திருப்பார். மகரந்தத் தாள்களின் குழாயும் அதற்குள் ஓடும் சூல்தண்டும் திரை முழுவதும் தெரிந்தன. ஆய்வகத்தில் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துத் தலைகள் மறைக்கும். பின்னால் நிற்கும் பிள்ளைகள் பூவைப் பார்த்ததாகப் பெயர் பண்ணிவிட்டுப் போவார்கள். இப்போது எல்லோருமே முதல் வரிசையில் இருந்தார்கள். கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "மேம், இன்னும் கிட்டக் காட்டுங்க" என்று குரல்கள் வந்தன. கணவர் கையை இறக்கினார். அவர் முகத்தில் ஒரு கவனம் வந்திருந்தது. தொழிற்சாலை மூடியதற்குப் பிறகு அதை நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கணினித் துறைப் பெண்ணைத் தினமும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தேன். பாடத்தைப் பதிவு செய்யவும், கேள்விகளை அனுப்பி விடைகளை வாங்கவும், திரையில் விரலால் வரையவும் கற்றுக்கொண்டேன். செய்முறை வகுப்புக்கு, அவரவர் வீட்டைச் சுற்றி இருக்கும் ஒரு செடியைக் கொண்டுவந்து கேமராவில் காட்டி விவரிக்க வேண்டும் என்று சொன்னேன்.

அந்த வகுப்பில்தான் அவள், என் மாணவிகளில் ஒருத்தி, முதன்முதலாகப் பேசினாள். கேரள எல்லையை ஒட்டிய சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து படிக்க வந்த பெண். கல்லூரி நடந்தபோது ஊட்டியில் விடுதியில் தங்கியிருந்தாள். ஜன்னலோர பெஞ்சில் உட்காருவாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள், அதுவும் பாதி வாக்கியத்தில். விடுதி மூடியதும் ஊருக்குப் போய்விட்டாள். கேமராவைத் திறந்தபோது அவளுக்குப் பின்னால் நீல வண்ணம் அடித்த சுவர் தெரிந்தது. சாமிப் படம், காலண்டர், பாத்திரம் அடுக்கிய பலகை. அவள் கையில் காட்டுச் சேம்பு இலை.

"இங்க கேரளா டவர்தான் மேம் எடுக்கும். அதுவும் வாசப்படியில உக்காந்தாத்தான்" என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் தலையில் முக்காட்டோடு அவளுக்குப் பின்னால் குனிந்து கடந்து போனார். போனவர் திரும்பி வந்து கேமராவை உற்றுப் பார்த்தார்.

"இதுதான் ஒங்க டீச்சரா?"

"அம்மா, கிளாஸ் நடக்குதும்மா."

"நா குறுக்க போனா ஒண்ணும் குத்தமில்லையா டீச்சர்? வேற வழியில உள்ள போக ஏலாது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தாராளமாகப் போங்கள் என்றேன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவர் என்பதைப் பிறகு மகள்தான் சொன்னாள். வந்ததிலிருந்து இந்த லயம்தான். அவள் பிறந்ததும் இதே வீட்டில்.

பேசத் தயங்கும் அந்தப் பெண் எழுதத் தயங்கவில்லை. பாடம் நடக்கும்போதே திரையின் ஓரத்தில் அவள் கேள்விகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கேட்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நாள் கேட்டாள்: "மேம், தேயிலையை வெட்டாம விட்டா எவ்வளவு ஒயரம் போகும்?" அது உண்மையில் ஒரு மரம், நாம்தான் இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். "அப்ப சரிதான் மேம்" என்று மட்டும் எழுதினாள்.

அதற்கடுத்த செய்முறை வகுப்பில் அவள் லயத்தில் இல்லை. கைபேசியோடு வெளியே நடந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கும் உயரத்துக்குத் தேயிலை வளர்ந்து நின்றது. கிளை நிறைய வெள்ளைப் பூ. ஒன்றைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துப் பிரித்தாள். வெள்ளை இதழ்கள், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தத் தாள்கள், சூற்பையில் மூன்று அறைகள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டினாள். குரல் நடுங்கவே இல்லை. தேயிலைக்கு நடுவிலேயே வளர்ந்த பிள்ளைகள் பலர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களே இவ்வளவு பூவை ஒன்றாகப் பார்த்ததில்லை. "சூப்பர்டி", "அழகா இருக்கு" என்று எழுதிக் குவித்தார்கள்.

நானும் மகிழ்ச்சியில், "இவ்வளவு பூவா! எந்த இடம் அது?" என்று கேட்டேன்.

"எங்கம்மா கொழுந்து எடுத்த மலை மேம். இப்ப அங்க யாரும் எடுக்கிறதில்ல. பாக்டரி நிக்குது. கம்பெனி நஷ்டம்னு சொல்லி வயசானவங்களை நின்னுக்கச் சொல்லிட்டாங்க. லயத்தையும் காலி பண்ணணுமாம்."

கைபேசியைப் பிடித்திருந்த என் கணவர் அதை மெதுவாக மேடைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்.

பிறகு வந்த வகுப்புகளில் பாடத்தோடு அவள் வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் பாத்திரப் பலகை இல்லை. அடுத்த வாரம் காலண்டர் இல்லை. அது மாட்டியிருந்த இடத்தில் மட்டும் நீலம் புதிதாக இருந்தது. அப்புறம் சாமிப் படமும் போனது. அவள் எதுவும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் நடுவில் நான் எப்படிக் கேட்பது?

ஒரு திங்கட்கிழமை சுவரே மாறியிருந்தது. பூசாத சிமெண்ட் சுவர், மேலே தகரக் கூரை. மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மலையில் எங்கள் யார் வீட்டிலும் மின்விசிறி கிடையாது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவளை மட்டும் இருக்கச் சொன்னேன்.

"எங்க இருக்கற கண்ணு?"

"திருப்பூர் வந்துட்டோம் மேம்."

"சொல்லவே இல்லையே."

"என்னத்த மேம் சொல்றது? அம்மாவுக்கு பனியன் கம்பெனியில பிசிறு வெட்டற வேலை. அப்பா வாட்ச்மேன். லயத்துல வாடகை இல்ல, தண்ணி சும்மா வரும். இங்க எல்லாத்துக்கும் காசு. ஆனா நெட்டு நல்லா கிடைக்குது மேம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்தாலும் ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. வேறு எந்தக் காலமாக இருந்தாலும் அந்தத் திங்கட்கிழமையோடு அவள் படிப்பு நின்றிருக்கும். இப்போது அவள் எங்கே போனாலும் வகுப்பும் கூடவே போகிறது. நான் வெறுத்த அந்தச் சின்னத் திரைதான் அவளைக் கையைப் பிடித்து வைத்திருந்தது. இணைய வகுப்பால் படிப்பே கெட்டுவிட்டது என்று ஆசிரியர் கூட்டங்களில் யாராவது பேசினால், அதற்குப் பிறகு நான் தலையாட்டியதில்லை.

சீக்கிரமே அவளும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டே பாடம் கேட்பாள். கேமரா திறக்க முடியாது. அவள் ஒலிவாங்கியைத் தப்பித் தவறித் திறந்துவிட்டால், தையல் மெஷின்களின் இரைச்சல் வகுப்பு முழுக்கக் கேட்கும். "யாருப்பா அது, மூடுங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நான் யாரென்று சொல்லமாட்டேன். அந்தப் பருவத் தேர்வை எல்லோரும் வீட்டிலிருந்தே எழுதினார்கள். என் பாடத்தில் அவளுடைய விடைத்தாள்தான் மற்ற எல்லோரையும் விட நன்றாக இருந்தது.

கல்லூரியைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரே மகிழ்ந்தது. காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் கைபேசியைத் துடைத்து என் பையில் வைத்தார்.

"எனக்கு மறுபடியும் வேலை போச்சு" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ்ஸில் வெலிங்டன் தாண்டும்வரை எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வகுப்பறை நிறைந்திருந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். ஜன்னலோர பெஞ்சில் அவள் இல்லை. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"வர ஏலாது மேம்" என்றாள். அம்மாவின் சொல் அவள் வாயில் அப்படியே வந்தது. "அப்பாவுக்குக் காலு வீங்கி வேலைக்குப் போறதில்ல. நா வேலைய விட்டா இங்க ஓடாது. ஆன்லைன்லயே இருந்தா எப்படியாவது முடிச்சிருப்பேன் மேம்."

முதல்வரிடம் போனேன். சமவெளியிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். விஷயத்தை முழுவதும் சொன்னேன். மேசைமேல் ஒரு போனை வைத்துவிட்டால் போதும், அந்தப் பெண் அங்கிருந்தே பாடம் கேட்டுக்கொள்வாள், வருகைப் பதிவில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஏனுங்க மேடம், எனக்கு மட்டும் மனசில்லைன்னா நினைக்கறீங்க?" என்றார். "ஆன்லைன் நிறுத்தியாச்சுங்க. நேர்ல வந்தாத்தான் வருகை. பல்கலைக்கழகத்துல கேட்டா நா என்ன பதில் சொல்றது?"

"போன மாசம் வரைக்கும் இதே புள்ளை போன்ல வந்தாத்தான் வருகைன்னு சொன்னோமுங்க சார். வராதவங்களுக்கு ஆப்சென்ட் போட்டோம். இந்த மாசம் அதே போன் எப்படிச் செல்லாமப் போகும்?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலீங்க மேடம்" என்றார்.

அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் நான் போனை வைத்தேன். கணினித் துறைப் பெண் ஒரு சின்னத் தாங்கி கொண்டுவந்து தந்து, ஒலி தெளிவாகக் கேட்கும்படி ஒலிவாங்கியையும் பொருத்திக் கொடுத்தாள். திருப்பூரில் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் எப்போது என்று கேட்டு, சக ஆசிரியர் ஒருவரிடம் கெஞ்சி என் வகுப்பை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். கரும்பலகைக்கு எதிரே முதல் பெஞ்சில் என் போன் நிற்கும். அவள் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பாள். மற்ற பிள்ளைகள் வரும்போதும் போகும்போதும் அந்தப் போனுக்குக் கை காட்டுவார்கள். ஒரு முறை முதல்வர் வராந்தாவில் போகும்போது நின்று பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார். அது அவரால் முடிந்த உதவி.

சில வாரங்கள் அப்படி ஓடியது. பிறகு அவளைக் கம்பெனியின் வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அதைச் சொல்வதற்குக் கூப்பிட்டவள், "சாரி மேம்" என்றாள். அவள் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மறுநாள் வகுப்பில், பழக்கத்தில், தாங்கியை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டேன். ஒரு மாணவிதான் எழுந்து வந்து அதை மெதுவாக எடுத்து என் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வருகை குறைந்ததால் அந்தப் பருவத் தேர்வை அவளால் எழுத முடியவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அஞ்சல் வழியில் படிக்கட்டும் என்று முதல்வர் சொன்னார். அதற்கு வழியையும் அவரே விசாரித்து வைத்தார். அவளும் அம்மாவும் ஒரு நாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி ஊட்டிக்கு வந்தார்கள். நேரில் அவள் இளைத்திருந்தாள். மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்து வர மறந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன்ல பெரிய ஆளா தெரிஞ்சீங்க டீச்சர். நேர்ல சின்னதா இருக்கீங்க."

"நீங்க வாங்க, முதல்ல டீ குடிப்போம்" என்று கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன்.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "திருப்பூர்ல ஊத்தறதெல்லாம் டீயே இல்ல" என்றார். மகள் முறைத்தாள். அவர் தொடர்ந்தார்: "எங்கப்பா கப்பல்ல கூட்டிட்டு வரையில, இனிமே இதுதான் நம்ம ஊருன்னு சொன்னாரு டீச்சர். நானும் இவகிட்ட அப்படித்தான் சொல்லி வளத்தேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. சேரம்பாடி போய்ப் பார்த்துட்டுப் போகலாமே?"

"பாத்து என்னா டீச்சர் செய்ய? கதவையெல்லாம் கழட்டிட்டாங்களாம்."

சான்றிதழை வாங்கியதும் மகள் அதை ஒரு முறைகூடப் படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். திறந்து காட்டினேன். நுண்ணோக்கிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்தாள். ஒன்றின் மேல் மூடியிருந்த உறையை நேராக இழுத்துவிட்டாள். "நா இதெல்லாம் தொடவே இல்ல மேம்" என்றாள். உண்மைதான். நுண்ணோக்கி வகுப்பு தொடங்கும் முன்பே கல்லூரியை மூடிவிட்டோம். ஒன்றைத் திறந்து, ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தாள். அம்மா வாசலிலிருந்து பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அவள் நிமிரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அவளாக நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

பஸ் நிலையம்வரை கூடப் போனேன். வண்டி கிளம்பும்போது அம்மாதான் கை காட்டினார். மகள் ஜன்னலுக்கு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சல் வழியில் சேர்வதற்கு இரண்டு முறை நினைவூட்டினேன். இந்த வருடம் சேர்ந்துவிடுகிறேன் மேம் என்பாள். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நானும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். அவரை அடக்கம் செய்ததைக்கூட அவள் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். இப்போது அவள் குறை பார்க்கும் பிரிவுக்கே மேற்பார்வையாளர். வேலையில் கெட்டி என்று கேள்வி. அது எனக்கு ஆச்சரியமில்லை.

எங்கள் கல்லூரியில் இன்று வகுப்புக்கு வகுப்பு பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு அதைப் பழக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என் பழைய பாடப் பதிவுகளை அடுத்தடுத்து வந்த பிள்ளைகளும் பார்க்கிறார்கள். தேயிலையை வெட்டிவிட்டுக் காய்கறி போடும் வேலை மலையில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே அவளுக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. பண்டிகைக்கு முன்னால் ஆர்டர் நெருக்குகிற நேரம், ஷிப்டில் இருந்திருப்பாள்.